சேர்ந்திசைப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளும் இறங்கிப்போகும் சுருதியும்

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை வைத்துவிடுகிறேன். தவறாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். 12 முதல் 16 வயது வரை 36 பிள்ளைகள். பையன்கள் 12 பேர், அதில் ஐந்து பேருக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கிறது. இதுவரை கீபோர்டும் டிராக்கும் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) வைத்துக்கொண்டு இரண்டு குரல் ஹார்மனியில் ஆண்டுவிழாப் பாட்டுப் பாடியவர்கள். இன்னும் ஏழு மாதத்தில் ‘வேர்ல்ட் கொயர் கேம்ஸ்’ என்ற உலகச் சேர்ந்திசைப் போட்டியில் இளையோர் பிரிவில் பாட ஆசை. “எந்தப் பாட்டை எடுத்தால் தங்கம் கிடைக்கும், தமிழ்ப் பாட்டு எடுக்கலாமா” என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: வாத்தியம் இல்லாமல் பாடினால் முடிக்கும்போது அரைக் கட்டை (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து அடுத்த கட்டை வரையான தூரம்) இறங்கிவிடுகிறது என்று. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பாட்டுத் தேர்வு உட்பட மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் தங்கம். இந்தப் போட்டியை ஜெர்மனியின் இன்டர்குல்டூர் அமைப்பு நடத்துகிறது. 2000-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கியது. வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் வேறு ஊரில் நடக்கும். 2014-இல் ரீகா, 2018-இல் தென்னாப்பிரிக்காவின் ட்ஷ்வானே, 2024-இல் ஆக்லாந்து. அனுபவமுள்ள குழுக்களுக்குச் சாம்பியன்ஸ் போட்டி, முதல்முறை வருபவர்களும் கலந்துகொள்ள ஓப்பன் போட்டி என்று இரண்டு அடுக்கு. மதிப்பெண்ணை வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தருவார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் படிகள் உண்டு. ஓட்டப்பந்தயம் மாதிரி ஒருவர் தங்கம் வாங்கினால் அடுத்தவருக்கு வெள்ளி என்ற கணக்கு இங்கே இல்லை. தேர்வில் பத்துப் பேர் டிஸ்டிங்ஷன் வாங்குவது போல, ஒரே பிரிவில் பல குழுக்கள் தங்கம் வாங்கலாம். ஒரு குழுவும் வாங்காமலும் போகலாம். (ஊர்ச் செய்தித்தாளில் “உலகப் போட்டியில் தங்கம்” என்று வரும்போது இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது உங்களுக்கு நல்லது.) முதல்முறை போகும் குழுவுக்கு ஓப்பன்தான் சரி, அதில் வெள்ளி வந்தால் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நடுவர்கள் நான்கு விஷயங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்: சுருதிச் சுத்தம், குரல்களின் ஒலித்தரம், இசைப்பிரதிக்கு (எழுதிவைத்த இசைக்கு) விசுவாசம், மொத்தக் கலைத்தன்மை. பாட்டின் கடினத்துக்கென்று தனிக் கட்டம் இதில் கிடையாது என்பதைக் கவனியுங்கள். நாலு குரல், ஆறு குரல் என்று பிரியும் பாட்டை எடுத்துவிட்டு அதில் சுருதி விலகினால், முதல் கட்டத்திலும் அடி, இரண்டாவதிலும் அடி. மூன்று குரல் பாட்டைச் சுத்தமாகப் பாடினால் நான்கிலும் உங்களுக்கு இடமிருக்கிறது. கடினமான பாட்டு நடுவரை ஓரளவு ஈர்க்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது ஏற்கெனவே சுத்தமாகப் பாடுகிற குழுவுக்குக் கிடைக்கும் கூடுதல். பயிற்சியில் பிள்ளைகள் அலட்டிக்கொள்ளாமல் பாடுகிற பாட்டு எதுவோ, அதற்கு ஒரு படி மேலே எடுங்கள். இரண்டு படி வேண்டாம்.

டிராக் பற்றி: உங்கள் பிரிவில் முன்பே பதிவு செய்த இசையைப் போட்டுப் பாட அனுமதி இல்லை. பாப், ஜாஸ், காஸ்பெல் போன்ற பிரிவுகள் நீங்கலாக மைக்கும் எதிர்பார்க்காதீர்கள். குறைந்தது ஒரு பாட்டாவது அ கப்பெல்லாவாக, அதாவது வாத்தியமே இல்லாமல் இருக்க வேண்டும் என்பது இம்மாதிரிப் போட்டிகளில் சகஜமான நிபந்தனை. எத்தனை பாட்டு, எத்தனை நிமிடம், எந்த வயது வரை என்பதெல்லாம் பிரிவுக்குப் பிரிவு, ஆண்டுக்கு ஆண்டு மாறும்; உங்கள் பிரிவுக்கான பக்கத்தை அச்செடுத்துப் பயிற்சி அறைச் சுவரில் ஒட்டுங்கள். 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஏறி நிற்க ஒரு நிமிடம், ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி கொடுத்து நிதானிக்க அரை நிமிடம், கைதட்டல் எல்லாம் கழித்து 12 நிமிடப் பாட்டுதான் பாதுகாப்பு.

இப்போது அந்த அரைக் கட்டைக்கு வருவோம். சுருதி இறங்குவது ஒரு நோய் அல்ல, ஓர் அறிகுறி. காரணம் குறைந்தது நான்கு உண்டு. ஒன்று, ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடம். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் அதை மயிரிழை கீழே வைப்பார்கள். இரண்டு, ஏறும்போது படியைச் சின்னதாகவும் இறங்கும்போது பெரிதாகவும் வைப்பது. நி-யிலிருந்து மேல் ச-வுக்குப் போகும் இடத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். மூன்று, மூச்சு. வரியின் கடைசி இரண்டு அட்சரத்தில் காற்று தீர்ந்து சுரம் தொய்கிறது; அடுத்த வரியை அந்தத் தொய்ந்த சுரத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

நான்காவது காரணம் பிள்ளைகள் தப்பே இல்லை. அரைக் கட்டையை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். தம்புராவின் ச தந்தியிலிருந்து தானாகக் கேட்கிற சுயம்பு காந்தாரம் ச-விலிருந்து 386 சென்ட். கீபோர்டின் காந்தாரம் 400 சென்ட். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காது, வாத்தியம் நின்றவுடன் 386-க்குப் போய் உட்காரும். கார்டும், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டும், தேன் மாதிரி ஒலிக்கும். ஆனால் ச, த, ரி, ப, மறுபடி ச என்று கார்டுகள் நகரும் இடத்தில், ஒவ்வொன்றையும் இப்படித் தூய இடைவெளியில் வைத்து, அடுத்தடுத்த கார்டுகளுக்குப் பொதுவான சுரத்தைப் பிடித்தபடி போனால், ஒரு சுற்று முடியும்போது ச சுமார் 22 சென்ட் கீழே வந்திருக்கும். நாலு சுற்று வந்தால் கிட்டத்தட்ட அரைக் கட்டை. இது காகிதக் கணக்கு. நிஜத்தில் நாலு காரணமும் கலந்தே இருக்கும். உங்கள் குழுவில் எது எத்தனை பங்கு என்று கேட்காமல் சொல்ல முடியாது. ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

பாட்டை வார்த்தையில்லாமல், எல்லாரும் ‘நூ’ என்று மட்டும், வழக்கமான வேகத்தில் முக்கால் பங்கில் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். போன் ட்யூனரில் முதல் கார்டின் ச-வையும் கடைசி ச-வையும் பாருங்கள். ‘நூ’வில் நின்று, வார்த்தையோடு பாடும்போது இறங்கினால், கோளாறு உயிரெழுத்து உச்சரிப்பில். ‘நூ’விலும் இறங்கினால் மூச்சிலோ படிகளிலோ. பிறகு பாட்டை நாலு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அளந்தால், இறக்கம் பெரும்பாலும் ஒன்றிரண்டு இடத்தில்தான் நடக்கிறது என்று தெரியவரும். அந்த இடத்தை மட்டும் இசைப்பிரதியில் பென்சிலால் வட்டமிட்டு, மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுங்கள். முழுப் பாட்டையும் பத்துத் தடவை பாடவைப்பது அந்தத் தவறையே பத்துத் தடவை பழக்குவதுதான். எல்லாரும் சேர்ந்து மூன்று நிமிடத்தில் 20, 30 சென்ட் இறங்கினால் கேட்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. 50-ஐத் தாண்டினால் பிரதியைக் கையில் வைத்திருக்கும் நடுவருக்குத் தெரியும். நடுவில் பியானோ நுழையும் பாட்டாக இருந்தால் 20 சென்ட்டே மானத்தை வாங்கிவிடும். அப்படிப்பட்ட பாட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

பயிற்சிக்குக் கீபோர்டை விடச் சுருதிப்பெட்டி நல்லது. ச-வும் ப-வும் தொடர்ந்து ஒலிக்க, ஒவ்வொரு குரல் வரியையும் தனித்தனியாக அதன்மேல் பாடவைத்து, நடுவில் பெட்டியை எட்டு அட்சரம் அணைத்து மறுபடி போடுங்கள். போட்ட கணத்தில் பிள்ளைகளுக்கே தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று புரிந்துவிடும். வாத்தியார் திட்டத் தேவையில்லை. மேடையில் அ கப்பெல்லா பாட்டுக்குச் சுருதிப்பெட்டி வைக்கலாமா என்றால், அது வாத்தியமாகவே எண்ணப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பழைய வைத்தியம்: பிடிவாதமாக இறங்கும் பாட்டை 4 கட்டையிலிருந்து 4½-க்கு ஏற்றிப் பாருங்கள். பல குழுக்களுக்கு அதிலேயே நின்றுவிடும். நெஞ்சுக்குரல் தலைக்குரலாக மாறும் இடத்தில் விழுந்த சுரங்கள் நகர்ந்துவிடுவதால் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். பழக்கத் தடத்திலிருந்து காது விழித்துக்கொள்வதால் என்றும் சொல்வார்கள். எது சரி என்று அடித்துச் சொல்லமாட்டேன். வேலை செய்கிறது.

ஒலித்தரம் என்ற கட்டத்தில் நம் பிள்ளைகள் இழப்பதற்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் பாடி வளர்ந்த குரல் நெஞ்சிலிருந்தே பாடும். மேல் ச-வைத் தாண்டும்போது தொண்டையைப் பிடித்துத் தள்ளும். ஒலி தட்டையாகவும் கூர்மையாகவும் வரும். சேர்ந்திசைக்கு மேல்ஸ்தாயியில் மெல்லிய தலைக்குரல் வேண்டும். அது கீழிருந்து மேலே ஏறிப் பழகினால் வராது, மேலிருந்து இறங்கிப் பழக வேண்டும். ஆந்தை கூவுவது மாதிரி ‘ஊ’ என்று உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவது, பிறகு ப ம க ரி ச என்று ஐந்து சுரம் இறக்கம், சத்தமில்லாமல். தினம் எட்டு நிமிடம் போதும். முதல் இரண்டு மாதம் குழுவின் சத்தம் பாதியாகக் குறையும்; தலைமையாசிரியர் “என்ன, குரலே எழும்பவில்லை” என்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பாட்டு எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் ராகம் பார்த்து. ஹம்ஸத்வனியில் ச-க-ப, ப-நி-ரி, க-ப-நி என்று மூன்று கார்டு சுத்தமாகக் கிடைக்கும். மோகனத்தில் ச-க-ப, த-ச-க இரண்டும் கிடைக்கும். நி இல்லாததால் முடிவில் மேல் ச-வை நோக்கிய மேற்கத்திய பாணி இழுப்பு வராது, அதை வலிந்து போட்டால் ராகம் போய்விடும். சங்கராபரணத்துச் சுரங்கள் எதற்கும் வளையும். தோடி மாதிரி காந்தாரமே அசைந்தாடும் ராகத்தை விட்டுவிடுங்கள். அசையும் சுரத்தின்மேல் கார்டு நிற்காது. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) எதில் வந்தாலும் 36 பேர் 36 விதமாகப் போடுவார்கள். எது வேண்டும், எத்தனை அசைவு, எந்த அட்சரத்தில் என்று முடிவுசெய்து பிரதியிலேயே எழுதுங்கள். மற்றதை நிமிர்ந்த சுரமாகப் பாடவையுங்கள். சினிமாப் பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கித் தமிழில் சேர்ந்திசைக்கென்றே பாதை போட்டுவிட்டுப் போனவர், 1988-இல் மறைந்தார். பாரதியார் பாடல் வரிகள் நாட்டுடைமை. ஆனால் ஒருவர் அவற்றுக்குப் போட்ட மெட்டும் ஹார்மனி அமைப்பும் அவருடைய சொத்து, எழுத்தில் அனுமதி வேண்டும். வெளிநாட்டு நடுவருக்குத் தமிழ்ப் பாட்டு பிடிக்குமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். தன் மொழியில் பாடும்போது பிள்ளைகளின் முகம் மாறுகிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிகிறது. ஆகவே கடைசிப் பாட்டாக வையுங்கள்.

உச்சரிப்பில் யாரும் கவனிக்காத ஒன்று குற்றியலுகரம். ‘காற்று’, ‘நாடு’, ‘வந்து’ என்று முடியும் சொல்லைப் பேசும்போது அந்த உகரத்துக்கு இதழ் குவிவதில்லை. நீட்டிப் பாடும்போது பாதிப் பேர் இதழைக் குவித்து முழு ‘ஊ’ ஆக்குவார்கள், சிலர் அகலமாக்கி இகரத்தின் பக்கம் போவார்கள். சுரம் ஒன்றே என்றாலும் உயிர் மூன்றாகிவிடும். கேட்பவருக்குச் சுருதி விலகின மாதிரியே இருக்கும். லேசாகக் குவித்த உகரம் என்று ஒன்றை முடிவுசெய்து, கண்ணாடி முன் நிற்கவைத்துப் பழக்குங்கள். ‘ஐ’ நீளும் இடத்தில் அகரத்தை நீட்டி, இகரத்தைக் கடைசி நொடியில் தொட வேண்டும். ‘ம்’, ‘ன்’ என்று முடியும் சொல்லில் வாய் மூடும் அட்சரத்தை எண்ணிச் சொல்லிவிடுங்கள். மெய்யெழுத்து சிதறினால் அது கூட்டம், குழு அல்ல. வேற்றுமொழியில் ஒன்று எடுப்பதானால் லத்தீன் சுலபம். அ, எ, இ, ஒ, உ ஐந்தே சுத்தமான உயிர்கள், நம் வாய்க்குப் பழகியவை.

குரல் உடையும் ஐந்து பையன்களை உட்காரவைத்துவிடாதீர்கள், “வாயை மட்டும் அசை” என்றும் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாகப் பாடவைத்து, நோகாமல் வரும் மிகத் தாழ்ந்த சுரமும் மிக உயர்ந்த சுரமும் எவை என்று எழுதுங்கள். இடையில் ஆறேழு சுரம்தான் இருக்கும். அதற்குள் அடங்கும் ஒரு வரியை அமைத்துக்கொடுங்கள்: பெரும்பாலும் ச-விலும் ப-விலும் நிற்கிற, தாவல் இல்லாத வரி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் ஏழு மாதத்தில் இவர்களில் இருவராவது வேறு குரலோடு நிற்பார்கள். பதினைந்து வயதுப் பையனைப் பெரிய ஆள் மாதிரி அடிக்குரலில் பாடவைத்தால் சத்தம் வரும், சுருதி வராது. பெண் பிள்ளைகளுக்கும் 13, 14 வயதில் குரலில் காற்று கலந்து ஒலி மங்கும். அது சோம்பல் இல்லை, வளர்ச்சி. ஆகவே உங்களுக்குப் பொருத்தம் நாலு குரல் அமைப்பு அல்ல: மேல்குரலில் 12 பேர், நடுக்குரலில் 13 பேர், கீழே மாறாத குரல்களும் மாறும் குரல்களும் கலந்த 11 பேர் என்று மூன்று குரல். குரல்களைக் கேட்டபின் இந்த எண்ணிக்கையை நீங்கள் மாற்ற வேண்டிவரலாம்.

இசைப்பிரதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நடுவர் ஒவ்வொருவர் கையிலும் ஸ்டாஃப் நோட்டேஷனில் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறி) பிரதி இருக்கும். ‘மெல்ல’ என்று போட்ட இடத்தில் உரக்கப் பாடினால் அங்கேயே குறித்துக்கொள்வார். ஜெராக்ஸ் பிரதி ஏற்கமாட்டார்கள். விலைக்கு வாங்கிய அசலோ, எத்தனை பிரதிக்கு உரிமம் என்று எழுதிய பிடிஎஃப்போ வேண்டும். தமிழ்ப் பாட்டுக்கு நீங்களே மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளில் எழுதி, கீழே ரோமன் எழுத்தில் வரிகளும் கடைசியில் இரண்டு வரியில் பொருளும் சேருங்கள். கட்டையை மாற்றினால் மாற்றிய கட்டையிலேயே பிரதி எழுதிக் கொடுங்கள்.

ஏழு மாதத்தைப் பிரிப்பது உங்கள் வசதி. வாரம் இரண்டு நாள் 75 நிமிடம் என்றால், நான்காம் மாத முடிவுக்குள் சுரம் கற்பது முடிந்து, ஐந்தாவதில் பிரதி கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். கடைசி ஆறு வாரம் இடம் மாற்றிப் பாடவையுங்கள்: கல்யாண மண்டபம், தேவாலயம், திறந்த மைதானம். பழகிய அறையில் பக்கத்துக் குரலைக் கேட்டுப் பாடிய பிள்ளை, ஒலி திரும்பிவராத மேடையில் தடுமாறும். தோளோடு தோள் ஒட்டாமல் அரைக் கை இடைவெளி விட்டு நிற்கவைத்தால் தன் குரலும் கேட்கும், சுருதியும் நிற்கும். காது உறுதியான பிள்ளைகளைப் பின்வரிசையில் வையுங்கள்; முன்னால் இருப்பவர்களுக்கு அவர்கள் குரல் விழும்.

பனங்கற்கண்டு, திப்பிலி, தேன், பால் கூடாது என்பதெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். விழுங்கும் எதுவும் குரல் நாண்மேல் படுவதில்லை, பட்டால் புரையேறும். வறட்சி போக்குவது தண்ணீர்தான், அதுவும் பாடுவதற்குச் சில மணி நேரம் முன்பே குடித்திருக்க வேண்டும். மற்றவை இதமாக இருந்தால் சாப்பிடட்டும். பேருந்தில் அந்தாட்சரி பாடிக் கத்துவதைத் தடுப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வைத்தியம்.

உடைக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் கண்ணாடி வளையலையும் கொலுசையும் விடுதியிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள், மெல்லிய இடத்தில் 24 பேர் கையும் காலும் கேட்கும். மேடை ஒத்திகைக்குச் சில நிமிடம்தான் தருவார்கள். அதில் முழுப் பாட்டைப் பாடி நேரத்தைத் தீர்க்காதீர்கள். ஏறி நிற்பதை ஒருமுறை, ஒவ்வொரு பாட்டின் முதல் இரண்டு வரி, கடைசிக் கார்டு. பிறகு நீங்கள் அரங்கின் பின்வரிசைக்கு நடந்துபோய், மூத்த பிள்ளை ஒருத்தியைத் தாளம் போடச் சொல்லி, அந்தக் கடைசிக் கார்டை அங்கிருந்து ஒருமுறை கேளுங்கள்.